கார்த்திகையில் பெய்த மழை

தைப்பூசம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தண்ணீர்மலைச் சாலையில் மலைபோல் குவிந்திருந்த தேங்காய்ச் சிரட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர்ப் பந்தல்கள் நின்ற இடங்களில் கம்பு நட்ட குழிகள் மட்டும் மிச்சம். பினாங்கில் இது வறண்ட பருவம். பொங்கலுக்கு மறுநாள் ஒரு தூறல் போட்டதோடு சரி, அதன்பிறகு வானம் வெளுத்தே கிடந்தது. தாவரவியல் பூங்காவுக்குச் சற்று முன்னால், மூன் கேட் என்று எல்லாரும் சொல்லும் வட்டமான பழைய வாசல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கொடிமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் அன்று காலை நடந்துகொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

பாதை வளையும் ஓரிடத்தில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். மலைச்சரிவில் பாசி படிந்த பாறை வெடிப்பு ஒன்று. அதில் யாரோ ஓர் இலையைச் செருகிவிட்டிருக்க, இலை நுனியிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. அவர் அதில் முகம் கழுவினார். நீர் விநியோகத்தில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது.

"தம்பி, கடைசியா எப்ப மழை பேஞ்சது?"

"பொங்கல் சமயத்துலங்க ஐயா. அதுவும் தூறல்தான்."

"அப்ப இது எந்த மழைத் தண்ணி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "கார்த்திகையில பேஞ்சது. இப்பத்தான் இறங்கி வருது. மலை கையில இருக்கறத உடனே குடுக்காது தம்பி. வச்சிருந்து குடுக்கும்."

அவர் எழுந்து போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்த இலை நுனியைப் பார்த்தபடி நின்ற பத்து நிமிடத்தில், சிறு வயதிலிருந்து வாயால் சொல்லிவந்த ஒரு பெயருக்கு முதன்முறையாகப் பொருள் புரிந்தது. தண்ணீர்மலை.

ஜார்ஜ் டவுன் தமிழருக்கு அது கோயிலின் பெயர். அருள்மிகு பாலதண்டாயுதபாணி இருக்கும், கொடிமலை அடிவாரத்துக் குன்று. வெள்ளி இரதம் புறப்பட்டு வந்து சேரும் இடமும் அந்தச் சாலைதான். நகரத்தார் அந்தப் பெயரைக் கடல் கடந்து எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். செட்டிநாட்டில் தண்ணீர்மலை என்ற பெயருடைய ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஒரு தீவின் மலை, ஆயிரம் மைலுக்கு அப்பால் வறண்ட பூமியில் ஒரு மனிதனின் பெயராகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. மலைக்கு எத்தனையோ பெயர் வைத்திருக்கலாம். கப்பலில் வந்து இறங்கியவர்கள் அதில் முதலில் கண்டது தண்ணீரை. சுற்றிலும் உப்புக்கடல், நடுவே, மேலேயிருந்து விழும் நல்ல தண்ணீர். கப்பல்காரர்கள் பீப்பாய்களில் நிரப்பிப்போனதும் அந்த அருவித் தண்ணீரைத்தான். மலாய்க்காரர்களும் அப்படியே பார்த்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு ஆயர் ஈத்தாம், அதாவது கருநீர், என்று பெயர்.

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் காலடி வைத்தது 1786இல். இரண்டே ஆண்டில், குளிர்ந்த மண்ணில் ஸ்ட்ராபெரி பயிரிட மலைக்குக் குதிரைப் பாதை வெட்டச் செய்தார். பின்னால் வந்தவர்கள் மாளிகை கட்டினார்கள், கொடிக்கம்பம் நட்டார்கள், கொடிமலை ஆனது. வெள்ளைக்காரத் துரைகளை டோலியில் வைத்துத் தூக்கி ஏறினார்கள் கூலிகள். இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தீவின் சாலைகளைப் போட்டார்கள். 1923இல் கம்பிவட ரயில் ஓடத் தொடங்கும் வரை மலைக்கு ஏறிய ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் தோளிலோ ஒரு மட்டக்குதிரையின் முதுகிலோதான் ஏறியது. இந்தச் சரித்திரம் பலரும் எழுதியதுதான்.

குறைவாகப் பேசப்படும் இன்னொரு சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சரிவுகள் மளமளவென்று வெட்டப்பட்டன. முதலில் மிளகு, அப்புறம் ஜாதிக்காயும் கிராம்பும். லாபம் ஏற ஏறக் கோடரியும் மேலே ஏறியது. 1848இல் வழக்கறிஞரான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், மலைக்காடுகளை இப்படியே அழித்துக்கொண்டு போனால் பினாங்கின் தட்பவெப்பம் என்னவாகும் என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். சூழலியல் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. அவர் 1869இல் இறந்தார். ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தின் எதிரே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. சாமானியர்களுக்காக வழக்காடியவர் என்பதற்காக எழுப்பியது. மரங்களுக்காகவும் அவர் வாதாடினார் என்பதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

லோகன் பயந்தது எதற்காக? குரங்குக்காகவோ குடுவைச் செடிக்காகவோ அல்ல. ஓடை வற்றிவிடுமே என்றுதான் பயந்தார். இதே பயம் கடலுக்கு அப்பாலும் இருந்திருக்கிறது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் மலையை மொட்டையடித்துக்கொண்டு ஏறியபோது, 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். அந்தக் கோட்டுக்கு மேலே தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்றுதான் ஹோர்ட்டன் சமவெளி. பனி மூடிய புல்வெளியும் குட்டை மரச் சோலையுமாகக் கிடக்கும் அந்த மேட்டு நிலத்திலிருந்து மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் போகிறது. கோட்டுக்குக் கீழே நம் சனங்கள் பின்னாளில் தேயிலைக் கொழுந்து கிள்ளினார்கள். நீலகிரியிலும் முக்கூர்த்திப் புல்வெளியும் சோலையும் சேர்ந்து இதே வேலையைத்தான் செய்கின்றன. வரையாடு அங்கே மேய்வது அந்த நீர்ப்பிடிப்பின் மேல்தான். காட்டைக் காப்பாற்றிய மனிதர்களின் கதையைக் கொஞ்சம் கிளறினால் அடியில் ஒரு காலிக்குடம் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாகம் பொய் சொல்லாது. ஆனால் தாகத்தைக் காவலுக்கு வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் பூங்கா வரைதான் போகவேண்டும்.

1884இல் அருவிப் பள்ளத்தாக்கில், பழைய கருங்கல் குவாரி ஒன்று இருந்த இடத்தில், சார்ல்ஸ் கர்ட்டிஸ் தாவரவியல் பூங்காவை உண்டாக்கத் தொடங்கினார். கல் உடைத்த பள்ளத்தை அவர் பூந்தோட்டமாக்கினார். மலைக்காடுகளின் பொறுப்பும் அவரிடமே இருந்தது. நகரம் வளர்ந்தது, குழாய்கள் நீண்டன, அருவிக்குக் கீழே நீர்த்தேக்கம் வந்தது. 1910இல், இன்னும் தண்ணீர் வேண்டும் என்று, பூங்கா முழுவதையும் மூழ்கடித்துப் பெரிய நீர்த்தேக்கமாக்கத் திட்டம் போட்டார்கள். அது நடக்கவில்லை, இரண்டாண்டு கழித்துப் பூங்கா திரும்பக் கிடைத்தது. அருவியடியில் இருந்த முருகன் சந்நிதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தண்ணீர் வேலைக்காக அவன் இடம் மாறி இன்றைய குன்றுக்குப் போனான். காட்டைக் காத்த அதே தாகம் தோட்டத்தை மூழ்கடிக்கப் பார்த்தது; தண்ணீர்மலையானையே தண்ணீரிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தது. தேவையை மட்டும் நம்பிக் காக்கப்படுகிற எதுவும், தேவையின் கணக்கு மாறும் நாளில் கைவிடப்படலாம்.

ஆனாலும் அந்தத் தாகத்தின் நிழலில் எத்தனை உயிர்கள் ஒண்டிப் பிழைத்தன!

மூன் கேட் பாதையின் மண்சரிவில் கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தால் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு மண்மூடி ஒன்று தெரியலாம். பாசியும் துகளும் ஒட்டி, பக்கத்து மண்ணோடு மண்ணாக இருக்கும். அதன் விளிம்பிலிருந்து ஆறேழு பட்டு நூல்கள் கதிர்போல் வெளியே நீண்டிருக்கும். அது லிபிஸ்டியஸ் சிலந்தியின் வீட்டுக் கதவு. எறும்போ பூச்சியோ ஒரு நூலை மிதித்தால் உள்ளே அதிர்வு போகிறது; கதவு திறக்கிறது, கால்கள் வெளியே வருகின்றன, கதவு மூடிக்கொள்கிறது. மற்றச் சிலந்திகளின் வயிறு ஒரே பையாக இருக்க, இதன் வயிற்றின் மேல் இன்னும் பழங்காலத்து ஓடுகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு முந்திய சிலந்திகளின் சாயல் அது. இந்தச் சிலந்தி இனம் அறிவியலுக்கு முதன்முதலில் அறிமுகமானது 1849இல், இந்தப் பினாங்குத் தீவில் கிடைத்த ஒன்றிலிருந்துதான். லோகன் தன் கவலையை எழுதி ஓர் ஆண்டு கழித்து. அவர் அந்தக் கதவைப் பார்த்திருக்க வழியில்லை. பார்க்காமலே அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்திருக்கிறார்.

இன்னும் மேலே, பனி தங்கும் இடங்களில், குடுவைச் செடிகள். மலாயில் பெரியுக் கெரா, குரங்கின் பானை. மழைநீரைக் குடிக்கக் குரங்குகள் அதில் வாய் வைக்கும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த பெயர். ஒரு வகையின் வாய் விளிம்புக்குக் கீழே வெள்ளை நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். கையால் தொடாமல் மூச்சடக்கிப் பார்க்கவேண்டும்: அது மிருதுவான ரோமங்களால் ஆன பட்டை, கறையானுக்கு உணவு. கறையான் கூட்டம் வரிசையாக வந்து அதை மேயும். மேய மேய நெருக்கியடித்துக் குடுவைக்குள் விழும். ஒரு ராத்திரிக்குப் பிறகு வெள்ளைப் பட்டை காணாமல் போயிருக்கும், குடுவைக்குள் கறையான் நிறைந்திருக்கும். கருங்கல்லின் மேல் மெல்லிசாகக் கிடக்கும் சத்தில்லாத மண்ணில் வாழ அந்தச் செடி கண்டுபிடித்த வழி அது.

பூங்காவுக்கு வரும் யாரும் தவறவிடாத உயிர் லொத்தோங். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்கு. சாம்பலும் கறுப்புமாக இருக்கும் தாயின் மடியில், கனிந்த ஆரஞ்சுப் பழ நிறத்தில் குட்டி. மாதங்கள் போகப் போக அந்த நிறம் மங்கி, குட்டியும் பெரியவர்களைப் போலச் சாம்பலாகும். பெட்டைகள் குட்டியைக் கை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதை ஒரு முறை முக்கால் மணி நேரம் பார்த்தேன். சித்திமாரும் பெரியம்மாமாரும் நிறைந்த கூட்டுக்குடும்பம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தெலோக் பஹாங்கில் சாலை அவற்றின் காட்டை இரண்டாகப் பிளந்தபோது, குறுக்கே ஓடி வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியை முறுக்கி மரத்துக்கு மரம் கட்டி ஒரு பாலம் போட்டார்கள், லொத்தோங்குகளை ஆராய்ந்துவந்த இளைஞர்கள். அதற்கு அந்தக் கூட்டத்தின் தலைவனான ஆ லாய் என்ற ஆண்குரங்கின் பெயரை வைத்தார்கள். அந்தக் குழாய்த் துணியும் ஒரு காலத்தில் தண்ணீரைச் சுமந்ததுதான்.

இப்போது இந்த மலையையும் அதைச் சுற்றியதையும் காக்கச் சட்டமும் பட்டமும் நிறைய இருக்கின்றன. பந்தாய் அச்சே வனக்காப்பகமாக இருந்த தீவின் வடமேற்கு மூலை 2003இல் பினாங்கு தேசியப் பூங்கா ஆனது. அங்கே கெராச்சுட் கடற்கரையில் ஓர் ஏரி, அடியில் கடல்நீரும் மேலே ஆற்றுநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கிறது. மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. 2021 செப்டம்பரில் கொடிமலை, தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்கா, அதையொட்டிய கடல் எல்லாம் சேர்த்து 12,481 ஹெக்டேரை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அதற்கு முன்னால் ஒரு போராட்டம் நடந்ததை இளையவர்கள் அறியமாட்டார்கள். 1990இல் மலையுச்சியில் ஹோட்டல்களும் குடியிருப்புகளும் கோல்ஃப் திடலும் கேளிக்கைப் பூங்காவுமாக ஒரு பெருந்திட்டம் வந்தது. ஊர் கூடி எதிர்த்தது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வணிகராக வாழ்ந்து, 2019இல் மறையும் வரை தூய வெள்ளை ஆடையில் நெஞ்சு நிமிர்த்திப் பேசியவர். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அவர்கள் சொன்ன காரணங்களிலும் முதலில் நின்றது நீர்ப்பிடிப்புதான்.

என் மனத்தைக் குடைவது இதுதான்: அந்தக் காரணம் இன்றைக்கு எவ்வளவு தூரம் தாங்கும்? இந்த மலையின் ஓடைகளும் ஆயர் ஈத்தாம் அணையும் இன்னமும் தண்ணீர் தருகின்றன. ஆனாலும் மாநிலத்துக்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. தீவுக்குக் கடலடிக் குழாயில் வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். நம் தாகம் எப்போதோ வேறொரு மாநிலத்தின் மலைக்கு இடம் மாறிவிட்டது. கொடிமலை நமக்கு இன்று பார்க்கப் போகும் இடம், காற்று வாங்கும் இடம், படம் எடுக்கும் இடம். பூங்காப் பக்கத்திலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் கட்டுகிறார்கள். கூட்டம் ரயிலுக்குக் காத்துக்கிடக்கிறது என்பது உண்மை, நானும் காத்துநின்றவன்தான். ஆனால் ஓர் ஊர் தன் மலையைத் தண்ணீர் என்று அழைத்த காலத்துக்கும், எத்தனை பேரை ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம் என்று எண்ணும் காலத்துக்கும் நடுவே எதுவோ கைநழுவியிருக்கிறது.

காடு இருந்தால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த பேய்மழையில் இந்த மலையே பல இடங்களில் சரிந்தது, மலைச்சாலை உடைந்தது, ஊர் மூழ்கியது, உயிர்கள் போயின. மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதைச் சுற்றிக் கொத்திக்கொண்டே போகிற நாம் அதன் பொறுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

என் பாட்டியைப் பற்றிச் சொன்னால்தான் நான் சொல்லவருவது விளங்கும். அப்பாவுக்கு மூன்று வயதில் டைஃபாய்டு வந்தது. பிழைத்தால் வருடந்தோறும் பால்குடம் எடுக்கிறேன் என்று தண்ணீர்மலையானிடம் பாட்டி வேண்டிக்கொண்டாள். அப்பா பிழைத்தார். மூன்று வருடம் எடுத்தால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பாட்டி நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தாள். காலில் பலம் குறைந்தபிறகு குடம் எடுக்கவில்லை. ஆனால் படி ஏறுவதை நிறுத்தவில்லை. கடைசியாக அவள் ஏறிய வருடம் நான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். இறங்கும்போது கேட்டேன்:

"என்ன வேண்டிக்கிட்ட, பாட்டி?"

"வேண்டிக்க என்னடா இருக்கு? உங்கப்பன் பேரன் எடுத்துட்டான்."

"அப்ப எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுற?"

"பாக்கத்தான். அவன் நல்லாருக்கானான்னு பாத்துட்டு வரவேணாமா?"

அன்றைக்கு நான் சிரித்தேன். சாமி நல்லாயிருக்கிறதா என்று ஒரு மனுசி போய்ப் பார்ப்பதா என்று. அவள் ஏறத் தொடங்கியது பயத்தில். குழந்தையின் நெற்றிச் சூடு அவளை அந்தப் படிகளில் ஏற்றியது. எங்கேயோ ஒரு படியில், எந்த வருடத்தில் என்று அவளுக்கே தெரியாமல், அந்தப் பயம் கழன்று விழுந்திருக்கிறது. விழுந்தபிறகும் கால் ஏறிக்கொண்டே இருந்தது. பயம் போய்விட்டால் பக்தியும் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அவளிடம் அது போன பிறகு மிச்சமிருந்ததற்கு அன்பு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

லோகனும் ஹூக்கரும் குழாய் போட்ட நகராட்சியும் மலையிடம் வேண்டுதலோடு வந்தவர்கள். தண்ணீர் கேட்டார்கள், கிடைத்தது. நாம் அந்த வேண்டுதலின் நாற்பதாவது வருடத்தில் நிற்கிறோம். குழந்தை பிழைத்துவிட்டது, தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது. இனி ஏறவேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. சிலந்தியின் கதவு அங்கே இருக்கிறதா, லொத்தோங் பெட்டை குட்டியை யாரிடம் கொடுத்திருக்கிறாள், குடுவையின் வெள்ளைப் பட்டையைக் கறையான் தின்றுவிட்டதா என்று பார்த்துவர மட்டும் இனி நாம் போகலாம். மலையை நாம் உண்மையிலேயே காக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். இதுவரை காத்தது நம் குடத்தை.

சென்ற வாரம் மறுபடியும் அதே பாதையில் போனேன். இன்னும் மழை இல்லை. கீழே பூங்காவில் புல் காய்ந்து பழுப்பாகியிருந்தது. பாறை வெடிப்பில் செருகிய பழைய இலை சுருண்டு விழுந்துகிடந்தது. தண்ணீர் பாறையோடு ஒட்டி, வெளியே தெரியாமல், பாசிக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்து ஓர் இலையைப் பறித்துக் காம்பை வெடிப்பில் செருகினேன். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இலையின் நடுநரம்பில் ஈரம் ஊர்ந்து வந்தது, நுனியில் திரண்டது, விழுந்தது. அடுத்த சொட்டுக்காகக் குந்தி உட்கார்ந்தேன்.